நீலச் சிறகின் பின்பக்கம்

என் கணவரின் அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து தருமபுரத்து வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். எனக்குக் கோட்டுச்சேரியில் பள்ளிக்கூடத்து வேலை, விலங்கியல் டீச்சர். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் பிரிவோம்.

அண்ணியின் அறைச் சுவரில் ஆறு பட்டாம்பூச்சிப் படங்கள் மாட்டியிருக்கும். செப்புத் தகட்டில் கோடு செதுக்கி, காகிதத்தில் அச்சிட்டு, அதன்மேல் கையால் வண்ணம் தீட்டிய பிரெஞ்சுக்காரர் காலத்துப் படங்கள். சில இடங்களில் வண்ணம் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருக்கும். எல்லாமே தென் அமெரிக்கக் காட்டுப் பூச்சிகள். அவற்றில் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு, முழுக்க நீலம். புதிதாக வந்தபோது, “இது நம்ம பக்கமெல்லாம் வராதுங்க அண்ணி” என்று பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார்.

நான் வருவதற்கு முன்னால், பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கிய உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அண்ணி இரண்டு வருஷம் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டாராம். பெரியவர் இறந்ததும் பிரான்சிலிருந்து மகன் வந்து வீட்டை விற்றார். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்காகப் படங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

ஒரு ஐப்பசியில் விடாத மழை. சுவர் ஓதம் கண்டு, நீலப் பூச்சிப் படத்தின் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்று எனக்கு மழை விடுமுறை, அண்ணிக்குப் பகல் டியூட்டி. அவர் வருவதற்குள் சுத்தம் செய்து வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். எத்தனையோ பாடம் செய்த பூச்சிகளைக் கையாண்டவள் என்கிற எண்ணம் வேறு.

சட்டத்திலிருந்து படத்தைப் பிரித்தேன். பின்பக்கம் பேனாவால் பிரெஞ்சில் நாலைந்து வரி எழுதியிருந்தது. பழைய கடைக்காரர் யாராவது கிறுக்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். காகிதம் நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி விரித்து, நனைத்த பஞ்சால் பூஞ்சையை ஒற்றி எடுத்தேன். பூஞ்சையோடு நீலமும் பஞ்சில் ஏறியது. பதறிப்போய் நிறுத்துவதற்குள் ஒரு பக்கச் சிறகு வெளுத்துவிட்டது. கறுப்புக் கோடுகள் மட்டும் நின்றன.

அண்ணி வந்தபோது அதை மின்விசிறிக்குக் கீழே காய வைத்துக்கொண்டிருந்தேன். சிறகைக் காட்டி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் சிறகைப் பார்க்கவே இல்லை. காகிதத்தைத் திருப்பினார். எழுத்து இருந்த இடத்தில் மை ஊறிப்போய்த் திட்டுத் திட்டாக இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அட்ரஸ் இருந்துச்சு இதுல” என்றார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. தலைவலியாக இருக்கும் என்றார் என் கணவர்.

நாலு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் வரிச்சிக்குடிக்கு வயல் பார்க்கப் போயிருந்தார். அடுப்படியில் அவரைக்காய் நறுக்கியபடி அண்ணி தானாகவே சொன்னார். பெரியவரின் மகன் வருஷா வருஷம் லீவில் வருவாராம். கடைசியாக வந்தபோது ஐந்து படங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீலத்தை மட்டும் தனியாகக் கையில் தந்தாராம். பின்னால் விலாசம் எழுதியிருக்கிறேன், ஒரு கடிதம் போடுங்கள், வந்து உங்கள் வீட்டில் பேசுகிறேன் என்றாராம்.

“போட்டீங்களா?”

“இல்ல. அப்ப எங்க அப்பா படுத்த படுக்கையா கெடந்தாங்க. உன் வீட்டுக்காரன் படிச்சுக்கிட்டு இருந்தான். போடலாம், போடலாம்னே இருந்துட்டேன்.”

இத்தனை வருஷத்தில் மனப்பாடம் ஆகியிருக்குமே என்றேன்.

“சட்டம் போட்டப்பறம் ஒரு தடவகூட கழட்டிப் பாக்கல. பாத்தா எழுதிடுவேன்னு பயம்.”

போனில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தேடிப் புடிச்சு என்னன்னு கேக்கறது? பேரப் புள்ளைங்களோட இருப்பாங்க” என்றார். நான் அழுதேன். தெரியாமல்தானே செய்தாய் என்று அவர்தான் என்னைத் தேற்றினார். வெளுத்த படத்தை மறுபடி சட்டம் போட்டு அதே ஆணியில் மாட்டினார். அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பஸ் நிறுத்தத்தில் மட்டும், முன்போல வளவளவென்று பேச எனக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அண்ணி டியூட்டியில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, பெரியவருடைய குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். என் கணவருக்கு அந்த மகனின் முழுப் பெயர் ஞாபகம் இருந்தது. போனில் தேடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நரைத்த தலை, பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு குழந்தை. அண்ணி சொன்னபடியேதான் இருந்தார். காலமான செய்தியை மட்டும் எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தமிழிலேயே பதில் வந்தது. “அப்பாவ ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க. நாங்க எல்லாரும் நன்றியோட நெனச்சுக்குவோம். ஆழ்ந்த அனுதாபம்.”

‘நாங்க எல்லாரும்’ என்கிற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அதை அண்ணி படிக்க நேரவில்லையே என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல் பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. வெறும் மரியாதைக்கு எழுதியதா, மனைவி பார்ப்பாள் என்று அடக்கி எழுதியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியிருந்தது.

“பரவால்ல, இத்தன வருஷம் கழிச்சும் அக்காவ ஞாபகம் வச்சிருக்காரு” என்றார்.

ஆமாங்க என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.