அக்கா வீட்டு ஃபியூஸ்

துணி காயும் கொடி எதுவானாலும், நைலான் கயிறே ஆனாலும், முதலில் புறங்கையால்தான் தொடுவேன். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. "கொடிக்கு இன்னா ஜுரமா, தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்று என் மனைவி கிண்டல் பண்ணுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் எலக்ட்ரிக்கல் ஹெல்பராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு ட்யூப் லைட் சோக்கு மாற்றுவதென்றாலும் மெயினை இறக்கி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற சிவப்பு அட்டையை மாட்டி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அட்டை மாட்டாமல் ஒரு சுவிட்சைக்கூட நான் தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. எங்கள் கருங்குழி காலனியில் யார் வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி நாலு புத்தி சொல்லிவிட்டு வருவேன்.

அக்கா வீடும் அதே காலனிதான். ஓலைக் குடிசை. குடிசைக்கு ஒரு பல்பு இலவசம் என்று அரசாங்கம் கொடுத்த கனெக்‌ஷன். மீட்டர் கிடையாது, ஒயரும் ஒரு பல்புக்கு மட்டும் தாங்கும். சில வருஷம் கழித்து அதே அரசாங்கம் கலர் டிவியும் கொடுத்தது. ஒரு பல்பு வீட்டில் அதை எங்கே செருகுவது என்று கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கினவரும் கேட்கவில்லை. பல்பு ஹோல்டரிலிருந்தே இழுத்துக்கொண்டோம். மாமாவுக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்ததும், யூனிஃபார்ம் தேய்க்க அயன் பாக்ஸும் வந்து சேர்ந்தது. அதைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

"டேய், என் தம்பி கரண்டு வேலைக்காரன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். எங்க வூட்ல தெனம் இருட்டு. உங்க மாமா கசங்கின சட்டையோட டூட்டிக்குப் போவுது. மானம் போவுதுடா," என்றாள் அக்கா.

ஃபியூஸ் போவது நம் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி அக்காவிடம் வரவில்லை. மயிரிழை மாதிரி மெல்லிய ஃபியூஸ் கம்பியைக் கழற்றி எறிந்தேன். பழைய கேபிளை உரித்து, செம்புக் கம்பி நாலைந்தை ஒன்றாக முறுக்கி அந்த இடத்தில் மாட்டினேன். அட்டையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஐந்து நிமிஷ வேலை. "இனிமே உன் ஜென்மத்துக்கும் போவாது," என்றேன். அடப்பாவி, வாயிலே என்ன வார்த்தை வந்தது பாருங்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கூரையோரம் போன ஒயர் தினமும் சூடேறி, தோல் உருகி, துணிக்கொடி கட்டியிருந்த இரும்புக் கம்பிமேல் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மெல்லிய ஃபியூஸ் இருந்திருந்தால் எப்போதோ அறுந்திருக்கும். ஒரு காலையில் மழை விட்டதும், மாமாவின் யூனிஃபார்ம் சட்டையை எடுக்க அக்கா கொடியில் கை வைத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வலது உள்ளங்கை மூடியே இருந்தது.

அதிகாரிகள் வருவதற்கு முன்னால் லைன்மேன் வந்தார். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது மேல தெரிஞ்சா நிவாரணம் வராது அண்ணாத்த. உங்க அக்காவுக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு கீது," என்றார் மெதுவாக. அவரே மெல்லிய கம்பியை மாட்டிவிட்டு, முறுக்கிய கம்பியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். மழையால் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். மண்ணெண்ணெய் விளக்கே தேவலாம் என்றார் ஒருவர், குடிசைக்குக் கரண்டே கொடுக்கக் கூடாது என்றார் இன்னொருவர். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு விளக்கு வைக்கிற நேரம் வந்தாலே எனக்குப் பயம். எந்த சுவிட்சில் கை வைத்தாலும் "எங்க வூட்ல தெனம் இருட்டு" என்று அக்கா குரல் கேட்கும். போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொள்வேன்.

மூன்று வருஷத்தில் மாமா குடிசையைப் பிரித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டினார். மீட்டர் வந்தது, லோடு கூடினால் தானாக விழுகிற பிரேக்கரும் வந்தது. குடிபோன வாரமே ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது டூட்டிச் சட்டையும் கையில் அயன் பாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். பிரேக்கர் அப்போதும் விழுந்திருந்தது.

"பெரிய பேஜாரா கீது மச்சான். அயன் பாக்ஸப் போட்டா டக்குனு வுழுந்துடுது. அப்போ உங்க அக்காவுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்தியே, அது மாதிரி இதுக்கும் போட்டுக் குடு. அதுக்கப்புறம் அவ இருந்த வரிக்கும் ஒரு நாள் கூட போவலியே! அவ செத்த அன்னிக்குக் கூட உள்ள டிவி ஓடிகினுதான் இருந்துச்சு."

"மாமா, அது ஓடிகினு இருந்ததாலதான் அக்கா போச்சு," என்றேன். "நின்னிருக்கணும். நான் போட்ட கம்பிதான் நிக்க வுடல."

அறைந்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் அயன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார்.

"வுழுந்தா வுழட்டும். இத்தத் தொடாத," என்றார் கடைசியில். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார்.