ஓரத்துக்கு மட்டும் ரப்பர்

போன வாரம் பேரன் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். இடுப்பளவு உயரம். முன்னாலிருந்த துணியைக் கழற்றிவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"பாட்டா, இதுக்க டிரைவரப் பாத்தியளா? சவுண்டு வாறது இதுலேருந்துதான். நடுவுல உள்ளது கனமே இருக்கப்பிடாது, வளையவும் செய்யாது. ஓரத்துக்கு மட்டுந்தான் ரப்பர். நடுவுல ஒரு துளி கனம் கூடினா சவுண்டு செத்துப்போவும்."

குனிந்து பார்த்தேன். புது ரப்பர் மணம் குப்பென்று ஏறியது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அடப்பாவி, இதைச் சொல்ல இப்போதுதான் வருகிறாயா?

எல்லைப் போராட்ட நாட்களில் என்னிடம் ஒரு மைக் செட் இருந்தது. பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பவர்களும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கூடவே கூடாது என்பவர்களும் என்னைத்தான். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றே ஒன்று. ஊரில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி நெய்யாற்றின்கரை போய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். அந்தச் சைக்கிள் படுத்திய பாடு இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

இவன் டிரைவர் என்பதை நாங்கள் யூனிட் என்போம். குழாயின் பின்பக்கம் திருகியிருக்கும். உள்ளே மெல்லிய தகடு, அதோடு ஒட்டிய செப்புக்கம்பிச் சுருள். தகடு அதிர்ந்தால்தான் பேச்சு.

என் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மேடையேறினால் வேலை போகும் என்று தெரிந்தும் வெள்ளறடைச் சந்தைக் கூட்டத்தில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பேச ஒத்துக்கொண்டார். இருபது நாள் உட்கார்ந்து எழுதினார். எட்டிப் பார்த்தால் தாளை மூடிவிடுவார்.

"மைக்கில கேட்டுக்க மக்கா."

கூட்டத்தன்று காலையில் யூனிட்டைத் திறந்தால் தகட்டின் ஓரத்தில் கீறல். முந்தின நாள் கல்யாண வீட்டில் அலறவிட்ட பலன். புதுத் தகடு மதராஸிலிருந்து வர வேண்டும். எங்கள் பக்கத்தில் குடை கிழிந்தாலும் செருப்பு அறுந்தாலும் ரப்பர் பால்தான் மருந்து.

"எலே, அது ஒட்டுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"ரப்பர் பாலாக்கும்! ஒட்டாம எங்க போவும்?"

ஓரத்தில் பூசியதோடு நிறுத்தினேனா? பலமாக இருக்கட்டும் என்று தகடு முழுக்க இரண்டு தடவை பூசி வெயிலில் காயவைத்தேன். சோதித்தாவது பார்த்தேனா? பேட்டரியை மிச்சம் பிடித்தேனாம். முட்டாள்.

சாயங்காலம் அண்ணன் பேசத் தொடங்கினார். வாய் நிறைய மரச்சீனிக் கிழங்கை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. உம், ஊம், அவ்வளவுதான். குமிழைத் திருகத் திருக முழக்கம்தான் கூடியது. குழாய்க்குப் பின்னால் நின்ற அண்ணனுக்கு எதுவும் தெரியவில்லை. குழாயடியில் இருந்த எனக்கும் ஒரு சொல் பிடிபடவில்லை. வாத்தியார் வேலையைப் பணயம் வைத்துப் பேசுகிறார் என்று சனத்துக்குத் தெரியும். அவர் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் கைதட்டினார்கள். போலீஸ் வண்டி வந்ததும் அண்ணன் தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்து ஓடையில் போட்டுவிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "நீரு என்ன பேசினீருன்னு எனக்குக் கேக்கல்ல. பேசினத கண்டேன்" என்றாராம். வேலை போயிற்று. எல்லையும் வந்தது, நாங்கள் இந்தப் பக்கமே, கேரளத்திலேயே நின்றுவிட்டோம். அண்ணன் பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தார்.

கடைசிவரை கேட்பார்: "அன்னைக்கு எனக்க பேச்சுக்கு ஆளுவ கைதட்டினத கண்டியா?"

"கண்டேன் அண்ணா."

ரப்பர் பால் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேரன் போனை நீட்டினான். "எந்தப் பேச்சு, எந்தப் பாட்டு வேணும் பாட்டா? எல்லாம் உண்டு."

எல்லாம் உண்டாம்! அந்தச் சந்தை இப்போது பஸ் நிற்கும் இடம். கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், அண்ணனும் போய்விட்டார். மைக்கில் கேட்டுக்கொள்ளச் சொன்ன பேச்சை நான் இன்னும் கேட்கவில்லை.