கோயம்புத்தூர் வரைக்கும் நாற்பது

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்களில் மலைமேல் அரவேணுவில் இலை எடை போடும் வேலையில் இருந்தேன். அடிதடி இல்லாத வாரமே கிடையாது. தோட்டத்து ஓரத்துத் தராசில் நூறு கிலோ நிற்கும் இலை, ஃபேக்டரிக்குப் போய்ச் சேரும்போது தொண்ணூறாகியிருக்கும். வழியில் ஈரம் காய்ந்துவிடும். அது தெரிந்திருந்தும், 'எங்கேடா திருடினாய்' என்று ஒரு லாரி டிரைவரின் முன்பல்லை ஆட்டியவன் நான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

இலையை நம்பினால் சோறு இல்லை என்று தம்பி கனடா போனான். சில வருடம் கழித்து அங்கேயே கல்யாணம். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. நேரலையில் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். அங்கே தாலி ஏறுகிற அதே நேரத்தில், இங்கே டிவியின் முன்னால் நின்று அட்சதை போட வேண்டும். பிறகு வரும் வீடியோவுக்குப் போட்டால் அது ஆசீர்வாதம் ஆகாது என்பது அவள் கட்சி. அதற்காகவே வீட்டில் புதிதாக இன்டர்நெட் போட்டோம்.

அன்று மதியம் லைன் போட வந்தவர் என்னைவிட மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். வேலை முடிந்ததும் போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டினார். முள் விறுவிறுவென்று ஏறி நாற்பதில் நின்றது.

"நாப்பது வருதுங்க தம்பி. எதை வேணாலும் பாக்கலாம்."

எடை போடுகிறவனுக்கு முள்தான் வேதம். நாற்பது, நாற்பது என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே காலையில், கல்யாணம் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே படம் திக்கியது. தம்பியின் முகம் கட்டம் கட்டமாக உடையும், சேரும், நிற்கும். போன் செய்தேன். லைன்காரர் பஜாரிலிருந்து ஓடி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி சோதித்தார். மறுபடியும் நாற்பது.

"இங்க எல்லாம் கரெக்டா இருக்குங்க."

டிவியில் ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்தார். அம்மா அட்சதையை இறுக்கிப் பிடித்து எழுந்து நின்றாள். படம் நின்றது. நடுவில் வட்டம் சுற்றியது.

லைன்காரர் வாயிலேயே குத்தினேன். ஸ்டூலோடு சரிந்தார். சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினேன், இன்னொரு குத்து விட்டேன். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. மோடத்தைப் பிடுங்கி உடைக்கப் பாய்ந்தேன். அவர் அதை மார்போடு அணைத்துக் குனிந்துகொண்டார். அந்த முதுகில் முழங்கையால் இடித்தேன்.

"புடுங்கிராதீங்க தம்பி, படம் வந்துரும்!"

"உடுறா கண்ணு! அந்த மனுசன் செத்துருவாரு!" அம்மா இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

எங்களுக்குப் பின்னால் கெட்டிமேளம் முழங்கியது.

மூன்று பேரும் திரும்பினோம். தாலி ஏறி முடிந்திருந்தது. தம்பி தலையில் யார் யாரோ போட்ட அட்சதை விழுந்துகொண்டிருந்தது. அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. மஞ்சள் அரிசி முழுவதும் லைன்காரரின் தலையிலும் கிழிந்த சட்டையிலும் கிடந்தது. ஒன்றிரண்டு அவர் ரத்தத்தில் ஒட்டியிருந்தன.

அம்மா கொடுத்த தண்ணீரில் அவர் வாயைக் கொப்பளித்தார். பிறகு என்னிடம் போனை நீட்டி, சோதனை செய்யும் இடத்தைக் கனடாவுக்கு மாற்றினார். முள் இரண்டைத் தாண்டவில்லை.

"அந்த நாப்பது கோயமுத்தூர் வரைக்குந்தானுங்க. தூரத்துல இருந்து வர்றது இவ்வளவுதான். மத்தியானமே சொல்லியிருக்கோணும். எனக்கும் தோணல."

தோட்டத்து ஓரத்துத் தராசைப் பார்த்துவிட்டு ஃபேக்டரிக் கணக்குக்குச் சண்டை போடுகிறவன், இங்கேயும் அதையே செய்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போது தம்பி போனில் வந்தான்.

"அம்மா, பாத்தியா? அச்சதை போட்டியா?"

லைன்காரர் குனிந்து தலைமுடியிலிருந்து அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரையே பார்த்தாள்.

"போட்டேன் சாமி" என்றாள்.