சுலோசனா டீச்சரின் ஜீப்

நெய்யாற்றின்கரையில் காருக்குப் புகைப் பரிசோதனை செய்ய வரிசையில் நின்றிருந்தபோது பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அலுவலக உதவியாளர் பிந்து பேசினார். "சாரே, நம்ம சுலோசனா டீச்சர் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." முன்னால் நின்ற ஆட்டோ நகர்ந்தது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். காரை வரிசையிலிருந்து வெளியே எடுத்துச் சாலையோரம் நிறுத்தினேன்.

தனுவச்சபுரத்தில் எங்கள் பள்ளியில் அவர் தாவரவியல் ஆசிரியை, நான் கணக்கு ஆசிரியன். அவர் நினைவாக எழுதும் இதைப் படிக்கும், உடன் வேலை பார்த்த உங்களுக்கும் அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் அவர் பாடம் நடத்தும் அழகைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலை மணி அடிக்கும் முன்பு கேட்டுக்கு வெளியே கேட்கும் அந்த ஜீப்பின் இரைச்சலையும் நாம் யாரும் மறக்கப்போவதில்லை. அதற்கு உதிரிபாகம் கிடைப்பதே பாடு. ஃபிட்னஸ் சான்றிதழ் எடுக்க வேண்டிய காலம் வந்தால் டீச்சர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்குமாக ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைவார். விற்றுவிட்டு ஒரு சின்னக் கார் வாங்கக் கூடாதா என்று கேலி செய்திருக்கிறோம். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஜீப் அவருடைய கணவர் சதாசிவன் அண்ணனுடையது. அம்பூரி மலைப்பாதையில் ஆட்களையும் ரப்பர் ஷீட்டையும் ஏற்றி அவர் ஓட்டிய வண்டி. அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் ஒரே நாளில் போயின. கொல்லயில் என்ற ஊரில் அவர்கள் வீட்டு முற்றத்தில் ஜீப் ஓடாமல் கிடந்தது. அதுவரை ஸ்கூட்டர்கூட ஓட்டியறியாத டீச்சர் ஓட்டுநர் பயிற்சிக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். ஒரு சாயங்காலம் கணவரைத் தாங்கிப் பிடித்து முன் இருக்கையில் உட்கார வைத்து வண்டியைக் கிளப்பினார். அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் அண்ணனுக்கு ஜீப்பில் ஒரு சுற்று உண்டு.

ஒருமுறை கலைவிழாவுக்குச் செண்டை மேளமும் உடுப்புகளும் ஏற்றிக்கொண்டு போகும்போது மேட்டில் ஜீப் நின்றுவிட்டது. அண்ணனும் வண்டியில் இருந்தார். நேரமாகிறது, வேறு வண்டி பிடிப்போம் என்று நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். டீச்சர் பானட்டைத் திறந்துவிட்டு அண்ணனிடம் போய், "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு நின்றார். அண்ணனின் இடது கை மெல்ல எழுந்து, எங்கேயோ காட்ட முயன்று, தாழ்ந்து, மறுபடி எழுந்தது. "ஒரு நிமிசம் சும்மா இருங்க. அவரு சொல்லட்டு" என்றார் எங்களிடம். அவர் காட்டியது ரேடியேட்டரை. சூடு ஆறும்வரை காத்திருந்து, அதற்குத் தண்ணீர் ஊற்றி, போய்ச் சேர்ந்தோம். தாமதமாகத்தான் போனோம்.

என் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. சனிக்கிழமைதோறும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டு மாற்ற வேண்டும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிடுவார்களோ என்று அம்மா வழி முழுதும் நடுங்குவார். கடன் வாங்கியாவது ஒரு பழைய கார் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வெள்ளைக் கார் ஒன்று விலைக்கு இருந்தது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆர்.சி. சரியாக இருந்தது. முன் இருக்கையைப் பின்னால் தள்ளினால் அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். ஒரு தைரியத்துக்காக டீச்சரையும் கூப்பிட்டேன்.

"நானும் அவரும் வாறோம்" என்றார்.

டீச்சரே அந்தக் காரை ஓட்டிப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில் இருந்தார், நான் பின்னால். திரும்பி வந்து நிறுத்தியதும், "எப்படி உண்டு? வாங்கலாமா?" என்று டீச்சர் அண்ணனைக் கேட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தார். தெளிவாகவே அசைத்தார்.

காரின் சொந்தக்காரருடைய மருமகன் சிரித்துவிட்டார். "டீச்சரே, வய்யாத்த ஆளோடு சோதிச்சிட்டு என்தினா?" என்றார் மலையாளத்தில். உடம்புக்கு முடியாதவரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற அர்த்தத்தில். டீச்சர் தமிழிலேயே பதில் சொன்னார். "நான் அவருகிட்டயாக்கும் கேட்டேன். அவரு சொல்லியாச்சு." பிறகு என்னைப் பார்த்து, "மக்கா, இது வேண்டாம்" என்றார்.

வேறு வழியின்றிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஜீப்பில் திரும்பும்போது அண்ணன் என்றைக்கும் இல்லாதபடி நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வந்த தெரிந்தவர்களுக்கெல்லாம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். நான் பின்னால் மனத்தாங்கலோடு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. "அம்மா ஏறட்டு" என்றார் டீச்சர். அண்ணன் முன் இருக்கையைக் காட்டி, தன்னைப் பின்னால் மாற்றி உட்கார வைக்கும்படி சைகை செய்தார். காலுக்கடியில் வைக்க டீச்சர் தலையணை கொண்டுவந்திருந்தார். எனக்கு வேறொரு கார் அமைய மழைக்காலம் கடந்துவிட்டது. அதுவரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அவர் வந்தார்.

அந்த வெள்ளைக் காரைப் பாறசாலையில் பேக்கரி வைத்திருப்பவர் வாங்கியிருந்தார். ஒருநாள் விசாரித்தேன். ஒரு தொந்தரவும் தரவில்லை, பெட்ரோல் ஊற்றினால் ஓடுகிறது என்றார். மறுநாள் ஆசிரியர் அறையில் டீச்சரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு ஓட்டும்போதே எனக்குத் தெரியும். நல்ல வண்டியாக்கும்."

பிறகு ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வாற ஆளெல்லாம் அவரு சாப்பிட்டாரா, உறங்கினாரான்னு எனக்ககிட்ட கேப்பாங்க. அவரு பக்கத்துலதான் இருப்பாரு. மேட்டுல ஜீப்பு நின்னப்பவும் நான் கேட்டதுனால சொன்னாரு, நீங்க யாரும் கேக்கல்ல. அன்னைக்கு வெளியாள் முன்னால ஒரு காரியத்துல அவரு வேண்டாம்னு சொன்னாரு. அந்தப் பையன் சிரிக்கவும் செய்தான். அதுக்குப் பிறகு நான் அவருக்க சொல்லைத் தள்ளினா, அவரு இனி வாழ்க்கையில ஒண்ணுக்கும் தலை அசைக்கமாட்டாரு." என் பக்கம் நேராகத் திரும்பினார். "ஒனக்க நல்ல வண்டி போச்சு. அது எனக்க தப்பு. நீ கோவப்படு, பரவாயில்ல."

கோபம் வரத்தான் செய்தது. நடந்தது என் அம்மாவின் கால் விஷயம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். நீ பேசாம இரி" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவின் கால் பிறகு ஆறியது. டீச்சருக்கும் எனக்கும் நடுவில் எதுவும் மிச்சமில்லாமல்தான் அவர் போனார். அந்த நிம்மதி எனக்கு உண்டு.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் முற்றத்தில் உறவினர்கள் கூடினார்கள். பெங்களூரில் இருக்கும் மகள் அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. பேச்சு ஜீப்பைப் பற்றி வந்தது. இரும்புக் கடைக்குத்தான் ஆகும் என்றார் ஒருவர். அம்பூரியில் கேட்க ஆள் இருக்கிறது என்றார் இன்னொருவர். "அம்மா ஓட்டின வண்டி, கொடுக்கமாட்டேன்" என்று மகள் அழுதாள். இத்தனைக்கும் நடுவில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து போய் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "அண்ணே, ஜீப்பை என்ன செய்யணும்?"

"அவருக்கு என்ன தெரியும்..." என்று யாரோ தொடங்கினார்கள். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். அண்ணன் ஜீப்பைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிச் சாலைப் பக்கம் மெல்லத் தள்ளிக் காட்டினார்.

"கொடுத்திரவா அண்ணே?"

தலையை மேலும் கீழும் அசைத்தார். மகள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வாரமே அம்பூரிக்காரர் வந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்.

சுலோசனா டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். ஒருவரைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேட்பது. கேட்டபின் பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. வரும் பதில் எனக்குப் பிடிக்காவிட்டாலும் அதற்குத் தலை வணங்குவது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்கு வீடியோவில் அழைக்கிறேன். மகள் போனைப் பிடித்துக்கொள்கிறாள். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று நான் அவளிடம் கேட்பதில்லை.