கடைசி பெஞ்சு டீச்சர்

முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க, பதினொரு வயதுக்காரர்களுக்குச் செய்த பெஞ்சுக்குள் உடம்பை நுழைத்துக்கொள்கிறார். “கொஞ்சம் தள்ளிக்கங்கப்பா, நானும் இருக்கேன்” என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு கெஞ்சல். இவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர் என்று உத்தரவில் எழுதியிருக்கிறது. அது எந்தப் பிள்ளையின் வாயிலும் நுழையாததால், போகிற பள்ளிக்கூடமெல்லாம் கடைசி பெஞ்சு டீச்சர்தான்.

கையில் ஒரு நோட்டு இருக்கும். தங்கள் தப்பையெல்லாம் அதில் எழுதுகிறார் என்று நினைத்து, ஆரம்பத்தில் ஆசிரியர்கள் பாடத்தை விட்டுவிட்டு நோட்டையே கவனிப்பார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பிள்ளைகள் சொன்னது மட்டும்தான் அதில் இருக்கும்: ‘பூஜ்யத்தைக் கூட்டினா ஒண்ணும் ஆகாதுன்னா, அதை எதுக்குக் கூட்டணும்?’ வகுப்பு முடிந்ததும் நோட்டை ஆசிரியர் பக்கம் திருப்பி வைப்பார். “இதைக் கேட்டீங்களா?” என்பார். அதோடு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதற்காகக் காத்திருப்பார்.

இந்தப் பொறுமை கூடப் பிறந்ததில்லை. வீட்டில் குக்கர் விசிலுக்கே எதிர்ப்பேச்சு பேசுகிறவர். இருபத்துநான்கு வருடம் கணக்கு நடத்தியவர். இந்த வேலைக்கு வந்த புதிதில், ஏதாவது வகுப்பைத் தாண்டும்போதெல்லாம் பிறந்த வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி கால் தயங்கும். பேசாமல் இருப்பதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

முதல் மாதம் அது. ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரு கணக்கு சார். இருபது வருடம் தையல் மிஷின் மிதித்துக்கொண்டே படித்து, நாற்பதுக்கு மேல் ஆசிரியரானவர். இவரைவிட மூத்தவர். குரல் முன் பெஞ்சைத் தாண்டாது. அரை பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேட்டார். இரண்டைவிட மூன்று பெரிது, அதனால் மூன்றில் ஒன்றுதான் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அவர் விளக்க விளக்கச் சந்தைக்கடை இரைச்சல். கடைசி பெஞ்சில் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போனார், சார் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார், பத்தே நிமிடத்தில் புரியவைத்தார். வகுப்பு கைதட்டியது. சார் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

இடைவேளையில் அவர் கோபப்படவில்லை. “நல்லா நடத்தினீங்க மேடம். இனிமே நான் உள்ள போறப்பல்லாம் பிள்ளைங்க உங்களைத்தான் தேடும்” என்றார். நூலகத்துக்கு மாற்றிவிடச் சொல்லி அன்றே தலைமையாசிரியையிடம் மனுவும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிப் புலம்பினார். அவர் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “சைக்கிள் கத்துக்குடுக்கறேன்னு போயி, நீயே ஏறி ஓட்டிட்டு வந்திருக்கே” என்றார். சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

மறுநாளே போய், மனுவை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருக்கும்படி தலைமையாசிரியையைக் கேட்டுக்கொண்டார். சாரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, துணி வெட்டும்போது பின்னம் வருமா என்று விசாரித்தார். சார் முகம் மலர்ந்துவிட்டது. கால் மீட்டர், முக்கால் மீட்டர், குறுக்கே மடிப்பு, வளைவு வெட்டு என்று மணியடிக்கும் வரை நிறுத்தவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதுண்டா என்று டீச்சர் கேட்டார்.

“அது கடையில செய்யற வேலையாச்சே மேடம். வகுப்புல செய்யலாமா?”

“தெரியலையே சார். செஞ்சு பாருங்க, நானும் பார்க்கறேன்.”

சார் ஒரே நீளத்தில் இரண்டு துணி கொண்டுவந்தார். ஒன்றை இரண்டாக, மற்றதை மூன்றாக மடித்தார். “உனக்குச் சட்டை தைக்கணும். ரெண்டு பேர் பங்கு போடற துணியில நிப்பியா, மூணு பேர் பங்கு போடறதுல நிப்பியா?” என்று கேட்டார். குரல் அதே குரல்தான். வகுப்புதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர் பங்கில் நிற்க ஒருவரும் தயாராயில்லை. மனுவை அன்று மாலையே சார் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மூன்று வருடம் ஆகிறது. சாரின் வகுப்பைப் பார்க்க மற்ற ஆசிரியர்கள் வருகிறார்கள். நம் டீச்சருக்கு அங்கே இனி வேலையில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை.

போன வாரம் சார், மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீச்சருக்குத் தாங்கவில்லை, “நாலுல...” என்று முணுமுணுத்துவிட்டார்.

பக்கத்துச் சிறுமி திரும்பி முறைத்தாள். “சும்மா இருங்க டீச்சர். சார் இன்னும் வெட்டவே இல்ல.”

டீச்சர் ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டார்.