மாவுக்கட்டுல கீறின வண்டி

என் மகளைப் பத்திச் சொல்லுங்கன்னு யாராவது கேட்டா, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்குவேன். அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இத்தனை வருஷமா திட்டித் திட்டி என் தொண்டைதான் வறண்டுச்சே தவிர, அவ ஒரு இம்மி அசைஞ்சதில்ல. சின்னப் பிள்ளைங்க சைக்கிளுக்குப் பின்னாடி ரெண்டு குட்டிச் சக்கரம் இருக்கும்ல, அதை ஸ்பேனர் வச்சுக் கழட்டி என் கையில குடுத்துட்டு, "இது எதுக்கும்மா, அசிங்கமா"ன்னு கேட்டவ அவ. அப்போ அவளுக்கு அஞ்சு வயசு. விழுந்தா, எந்திரிச்சா, திரும்ப ஏறினா. நான்தான் பின்னாடியே ஓடி ஓடி மூச்சு வாங்கினேன்.

சரி, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்னு விட்டுடலாம். ஆனா என் வேலை என்னை விட விடாது. ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் ரூமுக்கு அடுத்த ரூம் என்னோடது. மாவுக்கட்டு போடுறதும் பிரிக்கிறதும்தான் பொழப்பு. பதினாறு வருஷமா மாவு ரோலை வாளித் தண்ணியில முக்கி, குமிழ் அடங்கினதும் லேசாப் பிழிஞ்சு, கை, கால்னு சுத்திக்கிட்டே இருக்கேன். பைக்ல போய் விழுந்தவன் ஒருத்தனாவது வராத நாளே கிடையாது. அப்படிப்பட்ட என்கிட்ட வந்து ஒருநாள் சாவகாசமா சொல்றா, "அம்மா, எனக்கு ஒரு பைக் வேணும்."

ஸ்கூட்டர் கூட இல்லைங்க. பைக்!

"இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில வந்துச்சு, நடக்கிறதே வேற"ன்னேன்.

"காலேஜுக்கு ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கும்மா."

"மாறு. ரெண்டு கால் இருக்குல்ல? அது ரெண்டும் முழுசா இருக்கணும்னுதான் சொல்றேன்."

"பஸ்ஸு அது போற இடத்துக்குத்தானேம்மா போகும். நான் போற இடத்துக்கு வருமா?"

பக்கத்துல உட்கார்ந்திருந்த அவங்க அப்பாவைப் பார்த்தேன். தையல் மெஷின் ரிப்பேர் பண்றவர். வீட்டுல சண்டை வந்தா மட்டும் அவருக்கு ஏதாவது ஒரு திருகாணி தொலைஞ்சு போயிடும், குனிஞ்சு தேட ஆரம்பிச்சிடுவார். "அம்மா சொல்றதைக் கேளும்மா"ன்னு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். அவ்வளவுதான் அவரோட கண்டிப்பு.

கொஞ்ச நாள் பைக் பேச்சையே அவ எடுக்கல. அடங்கிட்டான்னு நினைச்சேன். என் புத்தியைச் சொல்லணும்.

அந்தச் சமயத்துல ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டேன், அவதான் கொண்டு வந்தா. நான் அப்போ ஒரு பையனுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். இருபது வயசு இருக்கும். மடியில ஹெல்மெட். பக்கத்துல கண்ணைக் கசக்கிக்கிட்டு அவன் அம்மா. ஹெல்மெட்டைப் பார்த்ததுமே எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "பெத்தவங்களை இப்படி அழ வைக்கத்தான் வண்டி வாங்குறீங்களா?"ன்னு ஆரம்பிச்சவ, கட்டுச் சுத்தி முடிக்கிற வரைக்கும் நிறுத்தல. பையன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "பேசாதே, கால் ஆடும்"னு ஒரு அதட்டல் போட்டேன். அந்தம்மா அங்கேயே சொல்லிட்டாங்க: "இவன் கால் சரியாகட்டும்மா, முதல் வேலையா அந்தச் சனியனை வித்துடறேன்." எனக்கு அவ்வளவு நிம்மதி. ஒரு வீட்டையாவது காப்பாத்திட்டோமேன்னு அன்னைக்கு ரெண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன்.

ஆறு வாரம் கழிச்சு அதே பையன் கட்டுப் பிரிக்க வந்தான். கட்டு வெட்டுற மெஷினை ஆன் பண்ணிட்டுக் காலைத் திருப்பினேன். கெண்டைக்கால் பக்கத்துல, மாவு ஈரமா இருந்தப்போ பேனா மூடியால ஆழமாக் கீறியிருந்தது: "வண்டி எனக்குத்தான். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது." கீழே ஒரு போன் நம்பர். அதுக்கும் கீழே குட்டியா ஒரு பைக் படம்.

மாசாமாசம் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் பண்றவ நான். எனக்குத் தெரியாதா?

மெஷினை அணைச்சேன். பையன் திருதிருன்னு முழிச்சான்.

"யாருப்பா எழுதினது?"

"அன்னைக்கு வராந்தாவுல கட்டு காயட்டும்னு உட்கார வச்சீங்கள்ல, அப்போ ஒரு பொண்ணு வந்து..."

"வண்டியில விழுந்து காலை உடைச்சதும் இல்லாம, அதை இன்னொருத்தர் தலையில கட்டப் பார்க்குறியா?"

"நான் வண்டியில விழலைங்க." மெதுவாச் சொன்னான். "வீட்டு மாடிப்படியில விழுந்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே இறங்கினேன், கடைசிப் படி தெரியல. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விடல. வீட்டுக்குப் போய்ச் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்கிறாங்க. கட்டுப் போடுறவங்க பொய்யா சொல்வாங்கங்கிறாங்க."

எங்கே கொண்டு போய் முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியல. எழுத்து இருந்த பாதியை உடையாம வெட்டி எடுத்து, பேப்பர்ல சுத்திப் பையில போட்டுக்கிட்டேன்.

சாயங்காலம் அதை அவ சாப்பிடுற தட்டுல வச்சேன். வந்தவ தட்டை ஒரு சுத்துத் திருப்பிப் பார்த்தா.

"ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கக் கூடாதா?"

"தாள்னா தொலைச்சிடுவான்மா. கட்டை எப்படித் தொலைப்பான்?"

"அறிவாளி! அதைப் பிரிக்கிறது யாருடி?"

அவங்க அப்பா குபீர்னு சிரிச்சுட்டார். "லைசென்ஸ் இல்லாம எப்படி ஓட்டுவாளாம், கேளுங்க அவளை"ன்னேன். சிரிப்பு நின்னுச்சு. மனுஷன் குனிஞ்சு திருகாணி தேட ஆரம்பிச்சார். புரிஞ்சு போச்சு. போன மாசமே ரெண்டு பேரும் சேர்ந்து போய் லைசென்ஸ் எடுத்துட்டு வந்திருக்காங்க! நான் ஒருத்திதான் இந்த வீட்டுல முட்டாள். அரை மணி நேரம் கத்தினேன்.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா, "நீ விழுந்தவங்களை மட்டும்தாம்மா பார்க்குற. விழாதவங்க யாரும் உன் ரூமுக்கு வர்றதில்ல."

"அந்தப் பையனைப் பார்த்த பிறகுமா இப்படிப் பேசுற?"ன்னு கேக்க வாயெடுத்தேன். அவன் எப்படி விழுந்தான்ங்கிறதை மறைச்சிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது? ஆனா மனசு கேக்கல. "அவன் படியில விழுந்தானாம்டி"ன்னேன்.

அவ சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கல.

"எனக்குப் பயமா இருக்குடி." எப்படி வாயில வந்துச்சுன்னு தெரியல. "தினமும் அந்த மேஜையில யாரைப் படுக்க வச்சாலும் ஒரு நொடி உன் முகம் தெரியுது. பதினாறு வருஷமா."

"இதை நீ சொன்னதே இல்லையேம்மா. திட்டத்தானே செஞ்ச." அந்த மாவுத் துண்டைக் கையில எடுத்தா. "வேண்டாம்னா விட்டுடறேன். அவன்கிட்டச் சொல்லிடறேன்." குப்பைக் கூடைகிட்டப் போயிட்டா. அஞ்சு வயசுலேர்ந்து ஒரு தடவை கூட விட்டுடறேன்னு சொல்லாதவ.

"வை அதை"ன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி வாசலுக்கு வந்துச்சு. முதல்ல பின்னாடி ஏறி உட்கார்ந்தது நான்தான். அவங்க அப்பா ரெண்டு ஹெல்மெட்டோட பட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அவ தோளைப் பிடிச்சேன். ரெண்டு கைவிரலும் தானாப் போய் கழுத்தடியில இருக்கிற காறை எலும்பு மேல உட்கார்ந்துச்சு. விழுந்தா முதல்ல போறது அதுதான்.

"அம்மா, வலிக்குது. கையை எடு."

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடி"ன்னேன். கையை எடுக்கல.