ஜூஸ் குடித்த கம்ப்யூட்டர்

கண்ணாடிக்காரர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் செய்த காரியம் அப்படி.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கால் உடைந்த கண்ணாடியைக் கொண்டுபோனால், புதிதாக ஒன்றை வாங்கச் சொல்லித் தலையில் கட்டமாட்டார். ஊசிபோன்ற திருப்புளியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதையே சரிசெய்து கொடுப்பார். ஒரே ஒரு பைத்தியம்தான் அவருக்கு. ரயில். வீட்டு மாடியறையில் சுவருக்குச் சுவர் மேஜை போட்டு, கட்டைவிரல் அகலத்துக்குத் தண்டவாளம் பதித்து, அதில் சின்னச் சின்ன ரயில்களை ஓட்டுவார். பொம்மை ரயில் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும். "பொம்மை இல்லைங்க, மாடல்" என்று திருத்துவார்.

அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை வேலை முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். ரயில் பைத்தியம் அவருக்குக் கிடையாது. ஆனால் ஒரு மனிதன் ஒரே நேரத்தில் ஒரு ரயிலைத்தான் கவனிக்க முடியும், இரண்டாவதுக்கு ஒரு கை வேண்டும் என்ற கணக்கில் அவரும் அந்த அறைக்குள் இழுக்கப்பட்டார். "இதைக் கொஞ்சம் பிடி", "அந்த சிக்னல் கிட்ட நிறுத்து" என்று தொடங்கி, சில வருஷங்களில் கையடக்கக் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு மூன்று ரயில்களைத் தனியாக மேய்க்கும் அளவுக்குத் தேறிவிட்டார். கண்ணாடிக்காரர் அதை ஒரு திறமையாக நினைத்ததே இல்லை. வீட்டில் நடக்கிற எத்தனையோ காரியங்களில் அதுவும் ஒன்று.

மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் ரயில் பிரியர்களின் சங்கம் கூடும். அங்கேதான் வினை தொடங்கியது. ஒருநாள் பல் டாக்டர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சென்சார் வைத்துவிட்டால், எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று சாஃப்ட்வேருக்குத் தெரிந்துவிடும். அதன்பிறகு அதுவே சிக்னல் போடும், பாதை மாற்றும், எதிரே ரயில் வந்தால் மற்றதை நிறுத்திவைக்கும். மனிதன் கைகட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. "இதையா இவ்வளவு பெருசா சொல்றீங்க? எங்க வீட்டுல மூணு ரயில் இப்படித்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவர் காதில் விழுந்தது.

"அடேங்கப்பா! சொல்லவே இல்லையே?" என்றார் செயலாளர். "அப்ப அடுத்த கூட்டம் உங்க வீட்டுலயே வெச்சுக்கலாம்."

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். சென்சார் எல்லாம் மேஜைக்கு அடியில் கோத்திருந்தார். காலையில் ஓட்டினால் அழகாக ஓடும். வெயில் ஏறியதும் லேப்டாப்புக்குப் பேய் பிடித்துவிடும். காலியாகக் கிடக்கும் பகுதியில் ரயில் நிற்கிறது என்று சிவப்புக் காட்டும். இல்லாத ரயிலுக்குப் பயந்து இருக்கிற ரயில்களை எல்லாம் நிறுத்திவிடும். ஒயரைப் பிடுங்கினார், மாற்றினார், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். பேய் போகவில்லை. கூட்டமோ மத்தியானம்.

அந்த நாள் நெருங்கிவிட்டது. கடைசியில் மனைவியிடம் போய் நின்றார்.

"ஒரு உதவி செய்யணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"மாடியறைக்குப் பக்கத்துல பெட்டி அடுக்கி வெச்சிருக்கோம்ல, அந்தச் சின்ன ரூம்ல நீ உட்கார்ந்துக்க. நடுவுல திரை போட்டுடறேன். அதுல ஒரு ஓட்டை போட்டா அது வழியா மேஜை நல்லாத் தெரியும். நீ வழக்கம்போல ஓட்டு. லேப்டாப்புல சும்மா படம் ஓடிட்டு இருக்கும்."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க இது, கண்கட்டு வித்தை மாதிரி?"

"இந்த ஒரு தடவைதான். அரை மணி நேரம். மானம் போயிடும்மா."

மானம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை.

கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். "வீட்டுல அம்மா இல்லையா?" என்று செயலாளர் விசாரித்தார். "தலைவலி. படுத்திருக்கா" என்றார் கண்ணாடிக்காரர். லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பயணிகள் ரயில் கிளம்பியது. சரக்கு ரயில் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. மலைப்பாதையில் இருந்து சின்ன ரயில் வளைந்து இறங்கி, ஸ்டேஷனில் இம்மி பிசகாமல் வந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அந்த நிறுத்தம் இருக்கே... எப்படி சார் இவ்வளவு மெதுவா? என்னுது குலுங்கிக் குலுங்கித்தான் நிக்கும்" என்றார் பல் டாக்டர். அவர் குரலில் பொறாமை இல்லை. நிஜமாகவே கற்றுக்கொள்ளக் கேட்டார்.

"எல்லாம் செட்டிங்ஸ்தான். என் சிஸ்டத்துக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றார் கண்ணாடிக்காரர். சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார்.

அரை மணி நேரம் தாண்டிவிட்டது. "இன்னொரு தடவை" என்றார்கள். அவர் சரி என்றார். கீழே போய்த் தட்டில் ஆரஞ்சு ஜூஸ் எடுத்துவந்தார். அம்மாள் காலையிலேயே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் ஒவ்வொருவருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். தானும் ஒன்றைக் குடித்தார். திரைக்குப் பின்னால் ஃபேன் கிடையாது. இருந்த மேஜை ஃபேனையும் திரை ஆடும் என்று அவர்தான் எடுத்துவைத்திருந்தார். பெட்டிகளுக்கு நடுவில், ஜன்னல் சாத்திய அறையில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைவு அவருக்கு வராமல் இல்லை. வந்தது. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் எல்லாரும் பார்ப்பார்களே என்று அந்த நினைவை அப்படியே விழுங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் தன் பாட்டுக்கு அப்டேட் ஆகத் தொடங்கியது. லேப்டாப் திரையில் படம் மறைந்து, ஒரு நீல வட்டம் சுற்றியது. ரயில்கள் நிற்கவில்லை. சரக்கு ரயில் சிக்னலில் நின்றது, காத்திருந்தது, புறப்பட்டது.

பல் டாக்டர் லேப்டாப்பைப் பார்த்தார். ரயிலைப் பார்த்தார். "சார், கம்ப்யூட்டர் தூங்குது. ரயில் ஓடுதே?"

"அது... எல்லாத்தையும் முன்னாடியே கன்ட்ரோல் பெட்டிக்குள்ள ஏத்தி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர் இல்லாட்டியும் ஓடும்."

"ஓ" என்றார் பல் டாக்டர். நம்பிவிட்டார். அங்கே இருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். அந்த நிமிஷத்தை நினைத்துத்தான் பின்னால் கண்ணாடிக்காரர் அதிகம் கூசினார். மாட்டிக்கொண்டதற்காக அல்ல. மாட்டாமல் தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்ததே, அதற்காக.

அதன்பிறகு பயணிகள் ரயில் ஸ்டேஷனுக்குள் வந்து நின்றது. சரக்கு ரயில் யார்டுக்குள் போய் நின்றது. மலை ரயிலும் கீழே இறங்கி நின்றது. ஒன்றும் நகரவில்லை. எல்லாரும் அடுத்தது என்ன என்று காத்திருந்தபோது திரை விலகியது. அம்மாள் வெளியே வந்தார். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் கன்ட்ரோலர் தொங்கியது.

"மன்னிக்கணும். தலை சுத்துது" என்று சொல்லி, தட்டில் மீதியிருந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கணவரைப் பார்த்து, ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல், "எல்லா ரயிலையும் பத்திரமா நிறுத்திட்டுத்தான் வந்தேன்" என்றார்.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பல் டாக்டர்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார், நாடி பிடித்துப் பார்த்தார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கண்ணாடிக்காரர் தட்டைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றார். யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை. "அம்மாவைப் பார்த்துக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். தெருமுனை தாண்டின பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அதுகூட அவரைக் கொஞ்சம் ஆற்றியது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைக்குக் கண்ணாடி துடைக்கத் துணி வாங்க வந்த ஒருவர், ஆள் தெரியாமல் அவரிடமே சொன்னார்: "இந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஜூஸ் குடிக்குமாமே, கேள்விப்பட்டீங்களா?" கண்ணாடிக்காரர் குனிந்து மேஜை இழுப்பறையில் எதையோ தேடினார். அந்த ஆள் போகும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.

அம்மாள் இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்காரருக்கு அது முள்ளாகக் குத்தியது. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம் தானே போய் உட்கார்ந்தார்.

"ஒரு டம்ளர் உனக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தோணுச்சு. கொடுக்கல. அதைச் சொல்லணும்னு..."

"தெரியும். ஓட்டை வழியா பார்த்துட்டுத்தானே இருந்தேன். கை டம்ளர் மேல போச்சு, திரும்பிடுச்சு."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"அதுகூடப் பரவாயில்லைங்க" என்றார் அம்மாள். "அவங்க கைதட்டினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. கம்ப்யூட்டருக்குத்தான் தட்டறாங்கன்னு தெரிஞ்சும் இருந்துச்சு. எல்லாரும் ஏமாந்துட்டாங்கன்னு உள்ள உட்கார்ந்து தனியா சிரிச்சேன். அதை நெனச்சாத்தான் எனக்கு அசிங்கமா இருக்கு."

மனைவியும் வெட்கப்பட ஏதாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அதுவும் தன்னால் வந்தது. ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக் கொடுத்தார். இருவருமாக மடித்தார்கள்.

மாடியறையைப் பூட்டியே வைத்திருந்தார். பிறகு ஒரு மத்தியானம், விற்றுத் தொலைத்துவிடலாம் என்று கழற்றப் போனவர், தண்டவாளத்தை நகத்தால் தடவிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் நகம் தட்டவில்லை. இரண்டு பகுதிகளைப் பிரிக்க விட்டிருந்த மயிரிழை இடைவெளி அது. வெயிலில் தண்டவாளம் நீண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஒரு பகுதியில் நிற்கும் ரயில் பக்கத்துப் பகுதியிலும் இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ரம்பத்தால் இடைவெளியை அகலமாக்கி, நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். அன்றைக்கு நல்ல வெயில். மூன்று ரயில்களும் ஆள் இல்லாமல் ஓடின. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் வருமென்று எத்தனை மாதம் காத்திருந்தாரோ, அது வரவில்லை. ஸ்டேஷனில் ரயில் லேசாகக் குலுங்கித்தான் நின்றது.

அடுத்த கூட்டத்துக்குப் போனார். எழுந்து நின்று, "நான் பொய் சொன்னேன். அதைவிட, என் வீட்டுக்காரியை ஒளிச்சு வெச்சு ஓட்டவிட்டுப் பேரை நான் வாங்கிக்கிட்டேன்" என்றார். யாரும் கைதட்டவில்லை. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சங்கத்தின் ரயில் கண்காட்சி வருகிறது, அதைப் பற்றிப் பேசுவோம் என்று பேச்சை மாற்றிவிட்டார். பல் டாக்டர் மட்டும் போகும்போது நிறுத்தினார். "கண்காட்சியில கூட்டம் தண்டவாளத்துக்கு மேல கையை நீட்டிக்கிட்டே இருக்கும் சார். என் சாஃப்ட்வேர் தடுமாறும். அம்மா வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"நீங்களே கேளுங்க டாக்டர். எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

பல் டாக்டர் கேட்டார். அம்மாள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சங்கத்துல என்னையும் மெம்பரா சேர்த்துக்கிட்டா வர்றேன்" என்றார். சேர்த்துக்கொண்டார்கள்.

கண்காட்சியில் மேஜையின் நடுவே, எல்லாரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து அம்மாள் ரயில் ஓட்டினார். பாதி தடத்தை லேப்டாப் பார்த்துக்கொண்டது. அதைக் கவனிப்பது கண்ணாடிக்காரர் வேலை. நின்று பார்த்தவர்களிடம், "ஸ்டேஷனுக்கு வர்றதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லைங்க, என் மனைவி ஓட்டறது" என்றார். வழி கேட்க வந்தவரிடமும் சொன்னார். கழிப்பறை எங்கே என்று கேட்டவரிடமும் சொன்னார். சொல்லும்போதெல்லாம் காது சிவந்தது.

கடைசியில் அம்மாள் கண்ணை ரயிலில் இருந்து எடுக்காமலே சொன்னார்:

"போதுங்க. கேட்டவங்களுக்கு மட்டும் சொல்லுங்க."